அகல்யா நகரில் ஒரு காலியிடம்

கம்பித் துண்டுகளுக்குச் சிவப்புப் பெயிண்ட் அடிப்பது அகல்யாவின் வேலை. மத்தியானச் சாப்பாடு முடிந்து, பாத்திரம் கழுவிக் கவிழ்த்த பிறகு, குவார்ட்டர்ஸின் பின்பக்கம் பழைய மராத்திப் பேப்பரை விரித்து உட்காருவாள். கணவர் பக்தவத்சலம் முழ நீளத்துக்கு அறுத்துப் போட்டிருக்கும் கம்பிகளை எடுத்து, மேல்பாதிக்கு மட்டும் பெயிண்ட் தடவிச் சுவரில் சாய்த்து வைப்பாள். மனை எல்லைக்கு நடும்போது கீழ்ப்பாதி மண்ணுக்குள் போகப் போகிறது. அதற்கு எதற்குப் பெயிண்டை வீணாக்குவது?

ஒவ்வொரு கம்பியின் தலையிலும் மூன்று புள்ளி இருக்கும், முக்கோணமாக. பக்தவத்சலத்துக்குத் தேஹு ரோடு என்கிற ஊரில் ராணுவக் கிடங்கில் ஃபிட்டர் உத்தியோகம். பஞ்ச் உளியை வைத்துச் சுத்தியால் தட்டிப் புள்ளி போடாமல் எந்த இரும்பையும் கையிலிருந்து விடமாட்டார். "எவனாவது கம்பியைப் பிடுங்கித் தள்ளி நட்டுட்டான்னா? நம்மளுது எதுன்னு தெரிய வேணாமா?" என்பார்.

தொண்ணூற்றெட்டில் ஆரம்பித்த வேலை அது. அகல்யாவின் அண்ணன் துரைசாமி சின்னச் சின்ன ரோடு கான்ட்ராக்ட் எடுத்துச் செய்துகொண்டிருந்தார். பக்கத்து டவுன் நிக்டிக்கு அப்பால் சோளம் விளைந்துகொண்டிருந்த நிலம் ஒன்று விலைக்கு வருகிறது, வாங்கி மனை போட்டு விற்கலாம் என்று வந்து நின்றார். நிக்டியில் இடம் கிடைக்காதவர்கள் எல்லாரும் இந்தப் பக்கம்தானே வரவேண்டும்? சர்க்கார் உத்தியோகஸ்தர் வியாபாரம் பண்ணக் கூடாது என்பதால் பக்தவத்சலம் பங்கை அகல்யா பேரில் போட்டார். மனைப்பிரிவுக்கும் 'அகல்யா நகர்' என்றே பெயர் வைத்தார்கள். மராத்திக்காரர்கள் அதை அவர்களுடைய பழைய ராணியின் பெயர் என்று நினைத்துப் போர்டைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள்.

"ராணியம்மா, ஒரு டீ கிடைக்குமா?" என்று துரைசாமி கிண்டல் பண்ணுவார்.

"ராணி கையெல்லாம் பெயிண்ட். ராஜாவே போட்டுக் குடிக்கட்டும்."

ஆரம்பத்தில் எல்லாம் சிரிப்பாகத்தான் இருந்தது. நிலத்தை வாங்குவதோடு காரியம் முடிந்துவிடும் என்று அகல்யா நினைத்திருந்தாள். முடியவில்லை. விவசாய நிலத்தை வீட்டு நிலமாக மாற்ற ஒரு செலவு. சர்க்கார் சர்வேயர் வந்து அளக்க ஒரு செலவு. ரோட்டுக்கு அகலமாக விடவேண்டும், விட்ட இடத்தில் ரோடும் நாமே போடவேண்டும். பக்கத்தில் சாக்கடை. தண்ணீர்க் குழாய். கரண்ட் ஆபீஸில் போய்க் கேட்டால், டிரான்ஸ்ஃபார்மரும் உங்கள் செலவுதான் என்றார்கள். போதாததற்குப் பத்தில் ஒரு பங்கு நிலத்தைக் காலியிடமாக விட்டுவிட வேண்டுமாம். விற்கவும் கூடாது, கட்டவும் கூடாது. அங்கே குடிவருகிறவர்களுக்கு அது பொது.

ஒருநாள் மேத்திக் கீரைக் கட்டு ஒன்றை ஆய்ந்துகொண்டே அகல்யா சொன்னாள். "கை கொள்ளாத கட்டா வாங்கியாந்தேன். தண்டும் வேரும் போனா வாணலியில ஒரு பிடிதான். உங்க நிலமும் இதே கதைதான்."

பக்தவத்சலம் சிரிக்கவில்லை. "ஒரு பிடின்னாலும் பொங்கித் தின்னுடலாம். இங்க அடுப்புப் பத்த வைக்கவே துட்டு இல்ல" என்றார்.

மனை விற்றுக் கொடுத்தது அகல்யாதான். பேப்பரில் விளம்பரம் போட வழியில்லை. சங்கராந்திக்கு இந்த ஊர்ப் பெண்கள் வீடு வீடாகப் போய் மஞ்சள் குங்குமம் வாங்கிக்கொள்வார்கள். வந்தவர்களுக்கு ஒரு எள்ளுருண்டையும் சின்னதாக ஒரு பாத்திரமும் கொடுத்து அனுப்புவது வழக்கம். குவார்ட்டர்ஸ் தமிழ்ப் பெண்களும் எப்போதோ அதைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அந்த வருஷம் அகல்யா போன வீட்டிலெல்லாம் குங்குமத்தோடு மனைப் பேச்சும் போயிற்று. பக்கத்துக் குவார்ட்டர்ஸ் செல்வமேரி கிறிஸ்துவச்சி. ஆனாலும் வருஷா வருஷம் முதல் ஆளாக வந்துவிடுவாள்.

"குங்குமம் உங்களோட இருக்கட்டும்க்கா. கிண்ணத்தைக் கொடுங்க."

அன்று கிண்ணத்தை வாங்கிக்கொண்டு அவள் போகவில்லை. உட்கார்ந்தாள். அவள் புருஷன் அந்தோணிக்கு மூச்சிரைப்பு. குவார்ட்டர்ஸில் ஒரே ஒரு ஜன்னல், அதுவும் அடுத்த வீட்டுச் சுவரைப் பார்த்து. ராத்திரியெல்லாம் வாசற்படியில் உட்கார்ந்தே தூங்குவான்.

"காத்து வருமாக்கா?"

"காலியிடத்துக்கு எதிர்மனை ஒண்ணு இருக்குது. அதை எடுத்துக்க. முன்னாடி யாருமே கட்ட முடியாது. சட்டமே அப்படி."

"நிச்சயமா?"

"நான் சொல்றேன், செல்வமேரி."

அந்த மனைக்கு விலை கொஞ்சம் கூட. செல்வமேரி கழுத்துச் சங்கிலியை விற்று வாங்கினாள். 'நான் சொல்றேன்' என்பதற்கு மேல் அவள் ஒன்றும் கேட்கவில்லை.

அப்புறம் வேலை நின்றது. ஜல்லி கொட்டிக் கிடந்தது, ரோடு வரவில்லை. குழாய்ப் பள்ளம் வெட்டிக் கிடந்தது, குழாய் வரவில்லை. மழைக்காலத்தில் மனை பார்க்கப் போனவர்கள் கரிசல் மண்ணில் செருப்பை விட்டுவிட்டு வந்து, குவார்ட்டர்ஸ் வாசலில் நின்று சத்தம் போட்டார்கள். இரண்டு வருஷம் இப்படியே இழுத்தது. பக்தவத்சலம் சாப்பாட்டுத் தட்டில் கோலம் போட்டுவிட்டு எழுந்துபோவார்.

திடீரென்று ஒரு டிசம்பரில் டிரான்ஸ்ஃபார்மர் வந்து நின்றது. பின்னாலேயே தார் வந்தது. "எப்படிங்க?" என்று கேட்டாள். "மச்சான் எங்கியோ பொரட்டினாரு" என்றார். அகல்யா அன்று அண்ணனுக்குப் பிடிக்கும் என்று பாயசம் வைத்து டப்பாவில் கொடுத்தனுப்பினாள்.

மாசி பிறந்ததும் செல்வமேரி வீட்டுக்கு அஸ்திவாரம் போட நாள் பார்த்தார்கள். அதற்கு முன்னால் மனையில் முள்ளை வெட்டிவிடலாம் என்று அகல்யா தனியாகப் பஸ் பிடித்துப் போனாள். எதிரே காலியிடத்தில் நான்கு பேர் பள்ளம் தோண்டிக்கொண்டிருந்தார்கள்.

யார் சொல்லி என்று கேட்டாள். செங்கல் சூளை வைத்திருக்கும் சேட் வாங்கியிருக்கிறார், மூன்று மாடி வரப்போகிறது என்றான் மேஸ்திரி மராத்தியில். அந்தக் கோடியில் ரோடு ரோலர் பக்கத்தில் துரைசாமி நின்றுகொண்டிருந்தார். அகல்யா போன வேகத்தில் ரோலர்க்காரன் வண்டியை நிறுத்திவிட்டான்.

"கூடப் பொறந்தவன்னு நம்பினனே! வாயில வெச்ச பாயசம் செரிச்சுதா உனக்கு?"

துரைசாமி ரோலர்க்காரனைத் தள்ளிப் போகச் சொல்லிக் கையைக் காட்டினார். அவள் பேசி ஓயும்வரை நின்றார். பிறகு, "என்னைத் திட்டிக்கோ, தப்புல பாதி என்னுதுதான். ஆனா மூலையில நட்டுக்கிடக்குது பார் கம்பி, அதைப் போய்ப் பாத்துட்டு வா" என்றார்.

பள்ளத்தின் மூலையில் கம்பி இருந்தது. குனிந்து மண்ணைத் தட்டினாள். தலையில் மூன்று புள்ளி, முக்கோணமாக. அடுத்த மூலைக்குப் போனாள். அங்கேயும் அதே. நான்கு கம்பியிலும் பெயிண்ட் இல்லை. வெறும் துரு. பின்பக்கச் சுவரில் சாய்த்து வைக்காமல், அவள் கண்ணிலேயே படாமல் வந்து சேர்ந்த கம்பிகள்.

சாயங்காலம் பக்தவத்சலம் ஷிஃப்ட் முடிந்து வந்து, உள்ளறைக் கட்டிலில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றினார். அகல்யா காபி கொண்டுவரவில்லை. வெறுங்கையோடு வந்து நின்றாள். அவள் புடவை ஓரத்தில் கரிசல் மண் ஒட்டியிருந்ததை அவர் பார்த்துவிட்டார்.

"அதை விக்கலைன்னா ரோடு ஏது, கரண்ட் ஏது?" அவளை முந்திக்கொண்டு அவரே ஆரம்பித்தார். "நாப்பது குடும்பம் சேத்துல நின்னுச்சே, அது தெரியலையா உனக்கு? இவ்ளோ செலவு வரும்னு எவன் கண்டான்? ஒரு இடத்தைக் கொடுத்து மிச்சத்தைக் காப்பாத்தினேன்."

"யார் கையெழுத்துல கொடுத்தீங்க?"

"உன் பேர்லதானே இருக்குது. தீபாவளிக்கு முன்னாடி கையெழுத்துப் போட்டியே."

அன்றைக்கு அவள் எண்ணெய்ச் சட்டியை அடுப்பிலேயே விட்டுவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, அவர் விரல் வைத்த இடத்திலெல்லாம் போட்டுக் கொடுத்தாள். முறுக்கு தீயுதே என்பதுதான் அப்போது கவலை.

"சொல்லியிருக்கலாமே."

"சொன்னா நீ விட்டிருப்பியா?"

"மாட்டேன்."

"அதான்." சண்டையில் ஜெயித்துவிட்டவர் மாதிரி அவர் காலுறையை உருவினார். சொல்லி முடித்தபிறகு முகம் கொஞ்சம் தெளிந்துகூட இருந்தது. அகல்யாவுக்கு அதுதான் தாங்கவில்லை.

பக்கத்து வீட்டில் அந்தோணி இருமுவது சுவர் வழியாகக் கேட்டது. செல்வமேரி ஏதோ சொல்லிக்கொண்டே அவன் முதுகைத் தட்டுவதும் கேட்டது.

"நாலே நாலு கம்பி," என்றாள் அகல்யா. "அதை மட்டும் எனக்குத் தெரியாம அறுத்து, புள்ளி போட்டு, பெயிண்ட் அடிக்காம எடுத்துட்டுப் போயிருக்கீங்க. எம்மேல அவ்ளோ பயம் இருந்துச்சுல்ல. அப்பவே தப்புன்னு தெரியும்ல?"

அவர் காலுறைகளை ஒன்றுக்குள் ஒன்றாகச் சுருட்டினார்.

"சரி, அது போகட்டும். இன்னாங்க, பக்கத்து வீட்டுல யாரு போய்ச் சொல்றது? நீங்களா, நானா?"

சுருட்டின காலுறையை அவர் மறுபடியும் பிரித்தார். அகல்யா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு அதைப் பார்த்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் இருமல் நின்றிருந்தது. புடவை ஓரத்து மண்ணைக்கூடத் தட்டாமல் அவள் அறையை விட்டு வெளியே வந்து, செல்வமேரி வீட்டு வாசலுக்குப் போனாள்.