பகையாளி இல்லாதவனுக்குத் துப்பாக்கி இல்லை

போன வாரம் வீட்டுக்கு ஏட்டு வந்தார். பயப்பட வேண்டாம், நான் ஒன்றும் செய்யவில்லை. துப்பாக்கி லைசென்ஸ் கேட்டிருந்தேன். அதற்கு விசாரணை.

எனக்கு எதற்குத் துப்பாக்கி? கடலைக்காட்டில் பன்றி என்று எழுதிக் கொடுத்திருந்தேன். பன்றி வருவது நிஜம். ஆனால் காரணம் பன்றி இல்லை. முனிராஜ் அண்ணன்.

பக்கத்து நிலத்துக்காரர். கேளமங்கலம் பக்கம் எங்கள் ஊரில் அவரிடம் மட்டும்தான் லைசென்ஸ் துப்பாக்கி. ஒரு நாளும் சுட்டதில்லை. ஆனாலும் கல்யாண வீட்டில் அவருக்குச் சேர் வரும். எனக்குப் பாய்.

தேர்தல் வந்தால் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும். நேராகப் போவாரா? பைக்கில் பின்னால் உட்கார்ந்து, தோளில் மாட்டிக்கொண்டு, கடைத்தெருவை ஒரு சுற்று சுற்றித்தான் போவார். ஒப்படைக்கப் போவதற்கே இந்த அலட்டல்... எனக்கு வயிறு எரியும்.

ஏட்டு கேட்டார்.

"உங்க உசுருக்கு ஆபத்துன்னு யாராச்சும் இருக்காங்களா?"

நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். "நமக்கு யாருங்க பகை? ஒருத்தரும் இல்லீங்க."

உள்ளே இருந்து என் வீட்டுக்காரி சேர்த்துக்கொண்டாள். "கோவம் வந்தா இவரு வெளியே போய் நின்னுக்குவாருங்க. அவ்ளோதான்."

ஏட்டு சிரித்தார். "அப்புறம் எதுக்குங்க துப்பாக்கி? பன்னிக்கு வேலி போடுங்க."

முடிந்தது. கிடைக்காது என்று நேற்று தகவல் வந்துவிட்டது. நல்லவன் என்று சொன்னேன், கெட்டுப்போனேன்.

ஊரெல்லாம் துப்பாக்கி இருந்தால் ஆபத்து என்கிறார்கள். சரிதான். வரப்புக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று இருந்தால் தண்ணீர் பாய்ச்சவே பயமாக இருக்கும். சட்டம் கெடுபிடியாக இருக்கட்டும். நானும் அந்தக் கட்சிதான்.

ஆனால் அவரிடம் இருக்கிறதே?

இன்று காலை டீக்கடையில் கேட்டேவிட்டேன்.

"ஏன்ணா, உனக்கு மட்டும் எப்புடிக் குடுத்தாங்க? உனக்கு யாரு பகை?"

"யாருமில்லப்பா. ஆனா ஒரு பேரு சொல்லணுமில்ல? வரப்புத் தகராறுன்னு சொன்னேன்."

"யாரோட?"

கிளாஸைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "உன்னோடதான். பக்கத்து நிலம் நீதானே, வேற யாரைச் சொல்றது?"

"என்னையாணா?"

"கோவிச்சுக்காதப்பா. பன்னு சாப்புடறியா?"

பன் சாப்பிட்டேன். கோபம் வரவில்லை. நடந்து வரும்போதுதான் யோசித்தேன். எனக்குப் பயந்து ஒரு மனிதருக்கு அரசாங்கமே துப்பாக்கி கொடுத்திருக்கிறது. ஊரில் வேறு யாருக்கு இந்த மரியாதை?

என் பேரைச் சொல்லி வாங்கிய துப்பாக்கி — தொங்குவது மட்டும் அவர் வீட்டுச் சுவரில்.