தாவீது செய்யாத சத்தியம்

எண்பதுகளின் கடைசியில் நடந்தது. பெருங்களத்தூரை அடுத்த எங்கள் ஊரில், அம்மன் கோயிலின் பழைய குளத்துப் படிகளை ஞாயிறுதோறும் நாங்களே கூலியில்லாமல் சீர்செய்துவந்தோம். கொத்தனார் தாவீதும் சர்ச் முடிந்ததும் வந்துவிடுவார். சரிந்த கற்களை அடுக்கியது அவர்தான்.

ஒருநாள் கோயிலின் வெண்கல மணியைக் காணோம். போலீஸ் ரோந்து கேட்பதற்காகக் கூடிய பஞ்சாயத்துக் கூட்டத்தில் மணிப் பேச்சே பெரிதாகிவிட்டது. ஏட்டையாவும் வந்திருந்தார். குளத்தில் வேலை செய்த எல்லோரும் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்யட்டும் என்று நான்தான் சொன்னேன். அம்மன்மேல் எனக்கு அவ்வளவு நம்பிக்கை. ஒவ்வொருவராக எரியும் கற்பூரத்தைக் கையால் அடித்து அணைத்தோம். தாவீது மட்டும் எழுந்து வரவில்லை.

"நான் எடுக்கலண்ணா. ஆனா எங்க வேதத்துல சத்தியம் பண்ணக்கூடாதுன்னு கீது."

"இன்னா மேஸ்திரி, கை சுட்டுடும்னு பயமா?" என்று யாரோ கேட்க, கூட்டமே சிரித்தது.

ஏட்டையா என்னிடம், "யார் மேல சந்தேகம், சொல்லுங்க" என்றார். நான் தாவீதைக் காட்டினேன்.

இரண்டு நாள் ஸ்டேஷனில் வைத்திருந்தார்கள். மூன்றாம் நாள், மகள் வீட்டுக்குப் போயிருந்த பூசாரி திரும்பினார். விரிசல் விட்ட மணியைப் பற்றவைக்க அவரே தாம்பரத்துக்கு எடுத்துப் போயிருக்கிறார்!

தாவீது வீட்டுக்கு ஓடினேன். வலது கை வீங்கியிருந்தது. அவர் மனைவி சோறு ஊட்டிக்கொண்டிருந்தார்.

"மன்னிச்சிடுப்பா" என்றேன்.

"எடுக்கலன்னு சொன்னேனேண்ணா. பத்து வருசமா என்னைப் பாக்குறீங்க. அது பத்தலையா?"

அதன்பிறகு அவர் குளத்துப் பக்கம் வரவேயில்லை. அம்மனிடம் எத்தனையோ முறை அழுதுவிட்டேன். அவள் மன்னித்திருக்கலாம். தாவீது அடுக்கிய படிகளில் இறங்கும்போதெல்லாம் அவர் கேள்விதான் இன்றுவரை காதில் விழுகிறது.