பதினெட்டு மீட்டர் முதலாளி

எங்கள் முதலாளிக்குப் பெற்றோர் வைத்த பெயர் துறைமுக அலுவலகக் கோப்பில் மட்டும்தான் இருக்கிறது. மற்ற எல்லோருக்கும் அவர் 'பதினெட்டு'. கடலுக்கடியில் போய்ப் பார்க்க ஆசைப்படுகிறவர்களைப் படகில் ஏற்றிப்போவது அவர் தொழில். யாரையும் பதினெட்டு மீட்டருக்குக் கீழே விடமாட்டேன் என்பது அவர் பிடிவாதம். படகை ஓட்டுகிறவன் நான். அதனால் அவர்மேல் கோபித்துக்கொண்ட முகங்களை எல்லாம் கிட்டத்தில் பார்த்திருக்கிறேன்.

வருகிறவர்கள் லேசுப்பட்டவர்களா? விடுமுறையில் நாலு நாள் பயிற்சி எடுத்து ஒரு அட்டை வாங்கியிருப்பார்கள். அதை நீட்டுகிற தோரணையைப் பார்த்தால் கடலுக்கே பட்டா வாங்கிவிட்டதாகத் தோன்றும். படகில் ஏறவே மூச்சு வாங்குகிறவருக்கு முப்பது மீட்டர் வேண்டும். சிலிண்டரில் காற்று பாதியானதும் சைகை காட்டுங்கள் என்று சொன்னால் கொட்டாவி விடுவார்.

மேலே வந்ததும் மணிக்கட்டு மீட்டரை முதலாளியின் மகளிடம் காட்ட வேண்டும். எவ்வளவு ஆழம் போனார் என்பதை அது புட்டுப் புட்டு வைத்துவிடும். எல்லை தாண்டியவரைப் பலகையில் எழுதுவாள். ஆழம் போன உடம்பு ஆற வேண்டும் என்று அன்றைக்கு அவருக்கு இரண்டாவது முறை இறங்கக் கிடையாது. மந்திரியின் மைத்துனர் ஒருவர் அப்படி உட்கார்ந்து, சிக்னலே இல்லாத நடுக்கடலில் யார் யாருக்கோ போன் போட்டுப் பார்த்தார்.

அந்த மகளுக்கு வரன் கூடி வந்தது. இரண்டு பேருக்கும் மனசு ஒத்துப்போய்விட்டது. பையனின் அப்பா தலையாட்ட வேண்டியதுதான் பாக்கி. பெரிய கம்பெனி மேலாளர். பெண் வேலை செய்யும் இடத்தைப் பார்த்துவிட்டு முடிவு சொல்கிறேன் என்று படகுக்கே வந்துவிட்டார். பதினெட்டு அன்று சட்டைக்கு இஸ்திரி போட்டிருந்தார். கழற்றிவிட்டுக் குதிக்கப்போகிறவருக்கு எதற்கு இஸ்திரி?

"சம்பந்தி, இங்க பதினெட்டுதான்."

"நான் நாப்பது பாத்தவன்," என்றார் இன்னும் ஆகாத சம்பந்தி.

கீழே ஓர் ஆமையைக் கண்டதும் அதன் பின்னாலேயே போய்விட்டார். கூட இறங்கிய மற்ற நால்வரையும் நங்கூரக் கயிற்றைப் பிடிக்கச் சைகை காட்டிவிட்டு, பதினெட்டு துரத்திப் போய் அவரை இழுத்து வந்தார்.

"மாமா, கையக் காட்டுங்க," என்றாள் மகள்.

இருபத்து மூன்று.

பதினெட்டு அவளைப் பார்த்து லேசாகத் தலையாட்டினார். 'எழுதாதே' என்ற ஆட்டம் அது. இத்தனை வருஷத்தில் அவர் அப்படி ஆட்டி நான் பார்த்ததில்லை. எனக்கும் அந்தப் பேனாவைப் பிடுங்கிக் கடலில் எறிந்துவிடலாமா என்றிருந்தது. அவள் எழுதினாள்.

"அப்பா, உங்க கை."

அதிலும் இருபத்து மூன்று.

"அவரப் புடிக்கத்தானேம்மா போனேன்."

"எதுக்குப் போனீங்கன்னு உடம்புக்குத் தெரியாதுப்பா."

அப்பாவையும் எழுதினாள். கடலுக்கடியில் கூட்டிப்போக அவரை விட்டால் வேறு ஆளில்லை. இரண்டாவது இறக்கம் ரத்து. நால்வரும் வாய்க்கு வந்தபடி திட்டினார்கள். படகைத் திருப்பினேன். எல்லை தாண்டிய இருவரும் ஒரே பலகையில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். கல்யாணம் போச்சு என்று முதலாளியின் முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது.

கரை தெரிந்ததும் மேலாளர் முதலாளி பக்கம் திரும்பினார்.

"ஆபீஸ்லயும் வீட்லயும் எல்லாரும் நான் சொல்றதுக்கு சரி சரின்னுதான் சொல்றாங்க. வேணாம்னு சொல்றவ என் சம்சாரம் ஒருத்திதான், அவ செத்துப் போயி மூணு வருஷமாச்சு. சீக்கிரம் ஒரு தேதி பாருங்க, சம்பந்தி."