துக்கத்துக்கு வராத கவுன்சிலர்

மலாக்கா மாநிலத்தில் மெர்லிமாவுக்கு வெளியே, செம்பனைக் காட்டை ஒட்டியிருக்கும் தாமான் மெர்பா குடியிருப்பில் ஒருவர் நல்லவரா கெட்டவரா என்று முடிவு கட்ட நீண்ட விசாரணை தேவையில்லை. துக்க வீட்டுக்கு வந்தாரா என்று கேட்டால் போதும். தோட்டத்தை விற்று, தொழிலாளர்கள் குடியிருந்த லயங்களை இடித்தபோது சனங்கள் சட்டி பானையோடு இந்த வழக்கத்தையும் லோரியில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். கல்யாணத்துக்கு வராதவரை இரண்டு நாள் திட்டிவிட்டு மறந்துவிடுவார்கள். சாவுக்கு வராதவர் பெயரை எடுத்தாலே முகம் திரும்பிக்கொள்ளும். சேகரனும் அப்படி வளர்ந்தவர்தான்.

ஆயர் குரோவில் ஒரு தொழிற்சாலைக்கு லோரி ஓட்டி ஓய்வு பெற்றவர் அவர். கட்சிக் கிளைக்குத் தலைவர். தலைவர் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். தேர்தல் வந்தால் கொடி கட்டுவார், தீபாவளிக்கு அரிசிப் பை தூக்கிக் கொடுப்பார், அவ்வளவுதான். ஆனால் ஒரு விஷயத்தில் மட்டும் அவர் பேச்சுக்கு மதிப்பு இருந்தது. நகராண்மைக் கழகத்துக் கவுன்சிலரை இங்கே யாரும் ஓட்டுப் போட்டு அனுப்புவதில்லை. கட்சி பெயர் கொடுக்கும், மேலே இருப்பவர்கள் நியமிப்பார்கள். பெயர் கொடுக்குமுன் கிளைத் தலைவரைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்பார்கள்.

அப்போது கவுன்சிலராக இருந்தவள் ஷாந்தினி. வக்கீல் ஆபீசில் வேலை பார்க்கிற, நாற்பதைத் தொடப்போகும் பெண். அவளைப் பற்றி தாமானில் யாருக்கும் பெரிய உற்சாகம் கிடையாது. மேடையில் பேச வராது. பொன்னாடை போர்த்தினால் கூச்சப்பட்டு உடனே கழற்றி மடித்துவிடுவாள். கார் சம்மனைத் தள்ளுபடி செய்து தரச் சொன்னால், "தப்பான எடத்துல நிறுத்துனா கட்டித்தான் ஆகணும் அண்ணே" என்பாள். இப்படிச் சொல்கிற கவுன்சிலரை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று ஊரே அலுத்துக்கொண்டது. காலை நேரத்தில் அவள் வந்து சாக்கடைக்குள் எட்டிப் பார்த்துவிட்டுப் போவதையும், மறுநாளே ஆள் வந்து அடைப்பை எடுப்பதையும் யாரும் ஒரு பொருட்டாக நினைக்கவில்லை. நாற்றமில்லாத சாக்கடையை யார் கவனிக்கிறார்கள்?

தாமானின் வாசலில், வெளியே போகிற ஒரே சாலையை ஒட்டி ஒரு குளம் இருந்தது. செம்பனைச் சரிவிலிருந்து இறங்குகிற மழைத்தண்ணீர் அதில்தான் போய் விழும். அதைத் தூர்த்துக் கடைவரிசை கட்ட ஒரு கம்பெனி ஆசைப்பட்டது. ஷாந்தினி கூட்டத்துக்குக் கூட்டம் எழுந்து நின்று அதை மறித்துக்கொண்டிருந்தாள். சேகரன் வீட்டுக்கே ஒருமுறை வந்து சொன்னாள்.

"அந்தக் கொளம் போச்சுன்னா தண்ணி ரோட்டுலதான் நிக்கும் அண்ணே. அக்காவ எப்படி டயாலிசிஸுக்குக் கூட்டிட்டுப் போவீங்க?"

சேகரனின் மனைவி பாக்கியலட்சுமிக்குச் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது. வாரம் மூன்று முறை மலாக்கா டவுனுக்குப் போய் இரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டால்தான் உயிர். சேகரன் தலையாட்டினார். அன்றைக்கு அது அவர் மண்டையில் சரியாக ஏறவில்லை.

அந்த வருடம் அவருடைய அண்ணன் கந்தசாமி இறந்துபோனார். அப்பா போன பிறகு பள்ளிக்கூடத்தை விட்டு, ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டப் போய்த் தம்பியை ஆளாக்கியவர் அவர். துக்கத்துக்கு ஊரே வந்தது. ஷாந்தினி வரவில்லை. வந்தவர் தினேஷ்வரன். கட்சியில் வளர்ந்துகொண்டிருந்த வியாபாரி. கூடாரம், நாற்காலி, தண்ணீர்ப் போத்தல் எல்லாம் அவரே கொண்டுவந்து இறக்கினார். பாடைக்குத் தோள் கொடுத்தார். அழவும் செய்தார். கந்தசாமியை அவர் அதற்கு முன் பார்த்ததே இல்லை என்பது வேறு விஷயம்.

ஷாந்தினி மறுநாள் சாயங்காலம் வந்து கேட் அருகில் நின்றாள். உள்ளே வா என்று சேகரன் சொல்லவில்லை.

"நேத்து மீட்டிங் அண்ணே. கொளத்து விஷயம் வந்துச்சு. நான் இல்லன்னா பாஸ் பண்ணியிருப்பாங்க."

"உங்களுக்கு மீட்டிங் பெருசு. எனக்கு எங்க அண்ணன் பெருசு" என்றார் சேகரன். அவள் தலையைக் குனிந்துகொண்டு போனாள்.

வருடக் கடைசியில், அடுத்த கவுன்சிலராக யாரைப் போடலாம் என்று கட்சியில் கூப்பிட்டுக் கேட்டார்கள். சேகரன் யாரிடமும் ஒரு தே தாரே டீகூட வாங்கிக் குடிக்காதவர், அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். மனதாரத்தான் சொன்னார். "படிச்ச பொண்ணுதான், இல்லங்கல. ஆனா சனங்களோட இல்ல. ஒரு சாவுக்குக்கூட வரல. தினேஷ்வரனப் போடுங்க."

வீட்டில் அதைக் கேட்ட பாக்கியலட்சுமி, "அந்தப் பொண்ணு என்னங்க தப்பு பண்ணுச்சு?" என்றாள். "உனக்கு ஒண்ணும் தெரியாது, பேசாம இரு" என்று அடக்கிவிட்டார். அந்த வார்த்தை இன்றைக்கும் அவரைத் தூங்கவிடுவதில்லை.

தினேஷ்வரன் பதவிக்கு வந்தார். சம்மன்கள் காணாமல் போயின. எந்த வீட்டில் சாவு விழுந்தாலும் கூடாரம் வந்தது. கூடவே குளத்துக்கு மண் லோரிகளும் வந்தன. எதிர்த்துப் பேசக் கூட்டத்தில் ஆளில்லை. கடைவரிசை எழுந்ததும் மூலைக்கடை கவுன்சிலருடைய மச்சான் பெயருக்குப் போனது. சேகரன் ஒருநாள் தினேஷ்வரனை நிறுத்தித் தண்ணீர் எங்கே போகும் என்று கேட்டார்.

"டெவலப்மெண்ட் வேணும்ல அண்ணே. புது லோங்காங் போட்டுத் தாராங்க, கவலப்படாதீங்க லா."

சாக்கடை போட்டார்கள். சின்னப் பிள்ளைகூடத் தாண்டிவிடலாம், அவ்வளவு அகலம்.

ஆண்டு இறுதி மழை பிடித்தபோது தண்ணீர் இறங்க இடமில்லாமல் சாலையில் ஏறியது. அன்று பாக்கியலட்சுமிக்கு டயாலிசிஸ் நாள். வேன்காரர் கடைவரிசை வரை வந்து, இடுப்பளவுத் தண்ணீரைப் பார்த்துத் திரும்பிவிட்டார். சேகரன் கவுன்சிலருக்குப் போன் போட்டார். "இப்பவே ஆள் அனுப்புறேன் அண்ணே" என்றார் தினேஷ்வரன். யாரும் வரவில்லை. மறுநாளும் தண்ணீர் வடியவில்லை. பாக்கியலட்சுமிக்கு முகம் வீங்கியது, மூச்சு இரைத்தது. "அந்தக் கொளம் இருந்திருந்தா..." என்று ஆரம்பித்து, கணவர் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். ஒரு வழியாக மீட்புப் படகு வந்தது. ஆஸ்பத்திரி வாசலில் இறக்கும்போது உயிர் இல்லை.

தண்ணீர் வடிந்த பிறகுதான் உடலை வீட்டுக்குக் கொண்டுவர முடிந்தது. துக்கத்துக்கு முதல் ஆளாக வந்தவர் தினேஷ்வரன். பொழுது விடியுமுன்பே கூடாரம் எழும்பிவிட்டது. "என்ன மனுஷன் பாருங்க, சொல்றதுக்கு முன்னாடியே நிக்கிறாரு" என்று பக்கத்து வீட்டுக்காரர் மெச்சிக்கொண்டார். இந்த முறை கூடாரம் புத்தம் புதிது. ஓரத்துத் துணியில் பச்சை எழுத்தில் குளத்தைத் தூர்த்த கம்பெனியின் பெயர் அச்சடித்திருந்தது. அந்தப் பெயருக்கு நேர் கீழே பாக்கியலட்சுமியைக் கிடத்தியிருந்தார்கள். பிடுங்கி எறியுங்கள் என்று சொல்ல சேகரனுக்கு வாய் வரை வந்தது. துக்க வீட்டுக்கு வந்தவரை விரட்டும் வழக்கம் அவர் பிறந்து வளர்ந்த இடத்தில் இல்லை.

வெயில் ஏறியபோது ஷாந்தினி வந்தாள். செருப்புகள் குவிந்து கிடந்த இடத்திலேயே தயங்கி நின்றாள். சேகரன் எழுந்து போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். மன்னிச்சிடும்மா என்றுதான் சொல்ல நினைத்தார்.

"வந்துட்டியாம்மா" என்றுதான் வந்தது.

"இன்னிக்கு எனக்கு மீட்டிங் எதுவும் இல்லண்ணே" என்றாள் ஷாந்தினி.

குத்திக்காட்டுகிற குரல் இல்லை அது. உள்ளதைச் சொன்னாள். ஆஸ்பத்திரியிலிருந்து அதுவரை ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத சேகரன், அந்தக் கூடாரத்தின் கீழே வாய்விட்டு அழுதார். மனைவிக்காக அழுகிறார் என்று எல்லாரும் நினைத்துக்கொண்டார்கள். தினேஷ்வரன் ஓடிவந்து அவர் தோளைத் தாங்கிப் பிடித்தார்.