சொந்தம் சொன்ன கன்று

எங்கள் மதிலுக்கு அடுத்தது பிரதேச சபையின் மாட்டுப்பட்டி. முன்பு நெல் மேய்ந்த மாடுகளை அதில் அடைத்தார்கள். வயல்களில் வீடுகள் எழும்பிய பிறகு, ரோட்டில் படுக்கும் கட்டாக்காலி மாடுகளை அடைக்கிறார்கள். தண்டத்துக்குப் பயந்து எவரும் சொந்தம் கொண்டாடுவதில்லை. அதுதான் எனக்கு எரிச்சல்.

போன மாரியில் ஒரு சிவப்புப் பசு வந்தது. எதிர்வீட்டுக்காரரை எல்லோரும் காக்கா, அதாவது அண்ணன், என்போம்; பசு அவருடையது என்பது தெருவுக்கே தெரியும். பட்டிக் காவலாளி அவரைக் கூப்பிட்டுக் கேட்டார்.

"எங்கட மாடு வளவுக்குள்ளதான் நிக்குது. இது வேற ஆர்ர மாடோ," என்றார் காக்கா.

அவருடைய வளவுக்குள் கட்டியிருந்த கன்று அப்போது பார்த்துக் கத்தியது. பட்டிக்குள்ளிருந்து பசுவும் கத்தியது. கன்று விடவில்லை.

காக்கா என்னைப் பார்த்தார். நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு ரோட்டைப் பார்த்தேன்.

"பாவம், கண்டுக்குட்டிக்குப் பசி," என்றார் அவர் காவலாளியிடம். "கதவத் திறங்க தம்பி."