எங்கள் வீட்டுச் சொவ்திஸ்

ஹவுன்ஸ்லோவில் போலந்துக் கடையொன்றில் இன்று யாரோ ஊறுவெள்ளரிப் போத்தலைக் கைதவற விட்டு உடைத்தார்கள். உள்ளியும் சதகுப்பையும் கலந்த அந்தப் புளித்த வாசனை, இடிக்கப்பட்டு அடுக்குமாடியாகிவிட்ட எங்கள் ஃபாரஸ்ட் கேட் பகுதி வீட்டின் பொதுக் குசினிக்கு என்னைக் கொண்டுபோய்விட்டது.

அறைக்கொரு குடும்பம். வீட்டைச் சூடாக்கும் பாய்லர் பழுதாகிக் கிடந்த அந்தக் குளிர்காலம் முழுக்க ஓயாமல் இரையும் கேத்தலும், யாழ்ப்பாணத்தவரான வீட்டுச் சொந்தக்காரரின் கார் வாசலில் நின்றதும் பெரியவர்கள் கதையை நிறுத்திவிடும் மௌனமும் இன்னும் காதில் இருக்கின்றன. எதிர்த்துக் கேட்டால் வெளியே போட்டுவிடுவார் என்று எல்லோருக்கும் பயம்.

அந்தக் குசினியில் வெள்ளரி ஊறவைக்கும் மேல்மாடி டனூட்டா, போலந்தில் தன் கிராமத்துக்குச் சொவ்திஸாக, அதாவது ஊரார் வாக்களித்துத் தெரிவுசெய்யும் தலைவியாக இருந்தவர். முற்காலத்தில் நிலப்பிரபு நியமித்த பதவியாம் அது.

"நீங்கள் தெரிவுசெய்தால்தான் பாய்லரைப் பற்றி உங்களுக்காக அவரிடம் பேசுவேன். கை தூக்க வேண்டாம், இரகசிய வாக்கு" என்று சொல்லி, எல்லோரையும் சூப் சட்டிக்குள் சீட்டுப் போடவைத்தார். அவரே வென்றார்.

சனிக்கிழமை வீட்டுச் சொந்தக்காரர் வந்தார். முன்னால் நின்று பேசத் தொடங்கிய டனூட்டாவைக் கவனியாமல், அம்மாவிடம் தமிழில் கேட்டார்:

"என்ன தங்கச்சி, எங்கட ஆக்களை விட்டிட்டு இவவோட சேர்ந்திட்டியளோ?"

என் தோளைப் பற்றியிருந்த அம்மாவின் விரல்கள் இறுகின.

"இவதான் எங்கட தலைவி, அண்ணை. நாங்கள் தெரிஞ்செடுத்தனாங்கள். இவவோடயே கதையுங்கோ."

அவர் டனூட்டாவின் பக்கம் திரும்பி, பாய்லருக்கு என்ன என்று ஆங்கிலத்தில் கேட்டார்.