தனியாக வசிக்கிறார்

நான் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட். சொந்தக்காரர்களிடம் இதைச் சொன்னால், "ஆக்களுக்கு வேலை எடுத்துக் குடுக்கிற வேலையோ?" என்று கேட்பார்கள். பக்கவாதம் வந்த ஒருவரைத் திரும்பவும் சட்டைப் பொத்தானைப் போட, தேத்தண்ணி ஊற்ற, தன் வீட்டில் தன்பாட்டுக்கு இருக்கப் பழக்குவதுதான் என் தொழில். சில வருடங்களாக அதையும் விட்டுவிட்டு, அதைச் செய்யப்போகிற மாணவர்களுக்குப் படிப்பிக்கிறேன். அதிலும், கனடாவின் வடகோடியில் விமானத்தை விட்டால் வேறு வழியில்லாத ஊர்களுக்குப் போகிறவர்களுக்கு. மொன்றியலில் ஒரு நிலக்கீழ் அறையில், ஓர் அடுப்பையும் ஒரு குளியல் தொட்டியையும் வைத்துக்கொண்டு. அந்த ஊர்ப்பக்கம் நான் போய் நின்றது மொத்தம் நான்கு நாள். அதில் இரண்டு நாள் பனிப்புயலில் விமான நிலைய வாங்கில் படுத்துக் கிடந்தேன். அந்த அனுபவத்தை வைத்துக்கொண்டு வருடா வருடம் வாய் கிழியப் பேசுகிறேன்.

போன குளிர்காலத்தில் ஒரு மாணவியை அப்படியோர் ஊருக்குப் பயிற்சிக்கு அனுப்பினேன். இங்கேயே கர்க்லாண்டில் வளர்ந்த தமிழ்ப் பிள்ளை. வகுப்பில் என்னோடு பிரெஞ்சு கதைப்பாள், வாசலைத் தாண்டினால் 'அன்ரி' என்பாள். அவளுடைய அம்மா எனக்குப் போன் எடுத்து, "அக்கா, உங்களுக்கு வேற இடமே கிடைக்கேல்லையோ? பிள்ளை ஐஸுக்குள்ள விறைச்சுப் போகப்போறாள்" என்று அழுதார். "அங்கயும் ஆக்கள் இருக்கினம்தானே" என்று பெரிய ஞானி மாதிரிப் பதில் சொன்னேன். அந்த வகுப்பில் வடக்கே போய் வேலை செய்ய உண்மையாகவே ஆசைப்பட்டவள் அவள் ஒருத்திதான்.

அதே ஊர்ப் பூர்வகுடிப் பெண் ஒருவர் அப்போது மொன்றியலில் ஆஸ்பத்திரியில் இருந்தார். ஐம்பத்தைந்து வயதிருக்கும். பக்கவாதத்தில் இடது கையும் காலும் விழுந்து, விமானத்தில் கொண்டுவந்திருந்தார்கள். சிகிச்சை முடிந்துவிட்டது. அவருக்கு வீட்டுக்குப் போகவேண்டும், அவ்வளவுதான். ஆனால் அந்த வீட்டை யாராவது போய்ப் பார்த்து, அவர் அங்கே இருக்கலாமா இல்லையா என்று எழுதித் தரவேண்டும். அந்த ஊரில் தெரபிஸ்ட் வேலை கனகாலமாகக் காலியாகவே கிடந்தது. அதனால் அறிக்கையை என் மாணவி எழுதுவது, நான் கையெழுத்து வைப்பது என்று ஏற்பாடு. அதில் என்ன இருக்கிறதோ, அதன்படி அவர் ஊருக்குப் போவார், அல்லது இங்கேயே ஒரு பராமரிப்பு இல்லத்தில் இருந்துவிடுவார்.

ஒரு பின்னேரம் அந்த வீட்டு வாசலில் நின்று மாணவி போன் எடுத்தாள்.

"அன்ரி, பதிவின்படி அவ தனியத்தான் இருந்திருக்கிறா. ஆனா நான் உள்ளுக்க நிண்ட ஒரு மணித்தியாலத்துக்குள்ள ஏழெட்டுப் பேர் வந்து போட்டினம். ஒருத்தரும் கதவு தட்டேல்ல. ஒராள் இறைச்சி கொண்டுவந்து வைச்சிட்டுப் போறார். இன்னொராள் இருந்து தேத்தண்ணி போட்டுக் குடிக்கிறா. அவ இருக்கேக்கையும் இப்பிடித்தானாம். இதை எங்க எழுதிறது?"

"அவையள் ஆர்? சொந்தமோ?"

"சிலபேர் சொந்தம். சிலபேர் சும்மா."

"சும்மா வாற ஆக்களை ஃபோமில போடேலாது பிள்ளை. பராமரிக்கிறவர் எண்டு ஆராவது கையெழுத்து வைப்பினமோ?"

"கேட்டனான். சிரிக்கினம். நாங்கள் எல்லாரும் வருவம்தானே, அதுக்கு ஏன் கையெழுத்து எண்டு கேட்கினம்."

"அப்ப, தனியாக வசிக்கிறார் எண்டு போடு."

"ஓம் அன்ரி" என்றாள். அவள் சரியாகத்தான் பார்த்திருந்தாள். பார்த்ததை எழுதவேண்டாம் என்று படிப்பித்தவள் நான்.

அதை நினைத்தால் எனக்கு என்மேலேயே எரிச்சல் வருகிறது. வேறு யாராவது இந்தப் பிழையை விட்டிருந்தால், ஏதோ தெரியாமல் செய்தார்கள் என்று மன்னித்திருப்பேன். எனக்குத் தெரியும். நாங்கள் இந்த நாட்டுக்கு வந்து பார்க் எக்ஸ்டென்ஷனில் மூன்றாம் மாடியில் இருந்தபோது, வாடகைப் பத்திரத்தில் இரண்டே இரண்டு பெயர்கள்தான். ஆனால் சிசேரியன் செய்து நான் எழும்ப முடியாமல் கிடந்த நாட்களில், கீழ்மாடி அண்ணை சோறு கொண்டுவந்தார், எதிர்வீட்டு அக்கா பிள்ளையைக் குளிக்க வார்த்தார், பெயரே தெரியாத ஒரு பஞ்சாபிப் பெண் குப்பையைக் கொண்டுபோய்ப் போட்டார். யாரிடமும் யாரும் கையெழுத்துக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நாங்களும் சிரித்திருப்போம். நாளைக்கு ஏதும் நடந்தால் பொறுப்பு என் தலையில் விழுந்துவிடக்கூடாது என்ற பயம்தான் அன்றைக்குப் போனில் என்னை அப்படிப் பேசவைத்தது. வேறு சப்பைக்கட்டு இல்லை.

ஆஸ்பத்திரியில் அறிக்கையைப் படித்தவர்கள் படித்தபடியே முடிவெடுத்தார்கள். தனியாக வசிக்கும் பெண், ஒரு கை ஒரு கால் பலவீனம், பராமரிக்க ஆளில்லை. அவரை மொன்றியலின் ஓரத்தில், இல்-பிசாரில் ஒரு பராமரிப்பு இல்லத்தில் சேர்த்தார்கள். அங்கே அவருடைய மொழி பேசுகிறவர் ஒருவரும் இல்லை.

மாணவி பயிற்சி முடித்துத் திரும்பினாள். படிப்பும் முடிந்தது. காலியாகக் கிடந்த அந்த வேலைக்கு விண்ணப்பிப்பாள் என்று காத்திருந்தேன். அவள் இங்கேயே லாவாலில் ஒரு கிளினிக்கில் சேர்ந்துவிட்டாள்.

"நான் அங்க போகேலாது அன்ரி. கடைக்குப் போனா அவையள் கேட்பினம், அவ எப்ப வாறா எண்டு. நான் என்னத்தைச் சொல்ல?"

உன்னில் பிழையில்லை என்றேன். அது அவளுக்கு ஒரு சதத்துக்கும் உதவவில்லை.

மறுமதிப்பீடு செய்யுங்கள், பிழை என்னுடையது என்று ஆஸ்பத்திரிக்கு எழுதிப் போட்டேன். இரண்டாம் முறையும் எழுதினேன். கோடையில் பதில் வந்தது. போய்ப் பார்க்க அந்த ஊரில் தெரபிஸ்ட் இல்லை. பார்க்க வீடும் இல்லை. அங்கே வீட்டுக்கு அவ்வளவு தட்டுப்பாடு, காலியாகக் கிடந்த அவருடைய வீட்டை ஒரு குடும்பத்துக்குக் கொடுத்துவிட்டார்களாம். அதைப் படித்துவிட்டு மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு இருந்தேன். நான் செய்ததில் அழித்து எழுதக்கூடியது என்று இனி எதுவும் இல்லை.

இதை அவரிடம் நேரில் சொல்வதாவது என் கடமை என்று நினைத்து இல்-பிசாருக்குப் போனேன். மொழிபெயர்ப்பாளரைப் போனில் பிடித்து, ஸ்பீக்கரைப் போட்டுப் போனைக் கட்டிலில் வைத்தேன். உங்கள் வீட்டு அறிக்கையில் கையெழுத்து வைத்தது நான் என்று தொடங்கினேன். நான் மேலே பேசமுன், அவர் வலது கையை உயர்த்தி நிறுத்தினார். முகம் மலர்ந்துவிட்டது. அறிக்கையைத் திரும்பவும் எழுத வந்திருக்கிறேன் என்று நினைத்துவிட்டார்.

சக்கர நாற்காலியைத் தானே உருட்டிக்கொண்டு நடைக்கூடத்துக்குப் போனார். போனைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடினேன். உடற்பயிற்சி அறையில் ஏறிப் பழக மரப்படிக்கட்டு ஒன்று இருந்தது. கைப்பிடியைப் பிடித்து எழும்பி, இடது காலை இழுத்து வைத்து, ஒன்று, இரண்டு, மூன்று என்று ஏறி உச்சியில் நின்றார். நெற்றி வியர்த்திருந்தது. மூச்சு வாங்க ஏதோ சொன்னார்.

தன் வீட்டு வாசலிலும் மூன்று படிகள்தானாம் என்றது போனில் குரல். தினமும் பழகினாராம். இதையும் எழுதட்டாம்.

அவர் மேலே நின்று என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் பையிலிருந்து பேனாவை எடுத்து, கிடைத்த தாளில், 'மூன்று படிகள், உதவியின்றி ஏறுகிறார்' என்று எழுதினேன்.